24-0 என்றால் அடுத்த சாம்பியனா? உக்ரைனின் இளம் ஹெவிவெயிட் வீரரை எடைபோடுவது எப்படி?

ஆறரை அடி உயரம். 22 வயசு. ஒலிம்பிக் தங்கம். தொழில்முறையில் 24 போட்டி, 24 வெற்றி. இப்படி ஒரு உக்ரைன் பாக்ஸர் உங்கள் ரீல்ஸில் வந்தால் என்ன செய்வீர்கள்? "அடுத்த உலக சாம்பியன் இவன்தான்" என்று நண்பருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள்.

இது கற்பனை ஆள் கிடையாது. 1998 டிசம்பர் தொடக்கத்தில் விளாடிமிர் கிளிட்ச்கோ அப்படித்தான் இருந்தார். அந்த மாதம் 5-ம் தேதி, சொந்த நாட்டின் தலைநகர் கீவில், அதற்கு முன் 13 முறை தோற்றிருந்த ராஸ் பியூரிட்டி என்ற அமெரிக்கரிடம் 11-வது ரவுண்டில் தோற்றார். கிளிட்ச்கோ முற்றிலும் களைத்துப்போய் நின்றதால், அவருடைய தரப்பே சண்டையை நிறுத்தவேண்டி வந்தது.

"அவ்வளவுதான், ஊதிப் பெருக்கின பலூன்" என்று நினைத்தவர்களும் ஏமாந்தார்கள். அதே விளாடிமிர் 2006 முதல் 2015 வரை, ஒன்பது வருடத்துக்கும் மேலாக, உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தார்.

ஆக, தோல்விக்கு முன்னால் கொண்டாடியவர்கள் எதைப் பார்க்கத் தவறினார்கள்? தோல்விக்குப் பின்னால் கைகழுவியவர்கள் எதைப் பார்க்கத் தவறினார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால், இன்றைக்கு வரும் எந்த இளம் வீரரையும் ஓரளவு சரியாக எடைபோட்டுவிடலாம்.

இந்தக் கேள்வி இப்போது ஏன்?

ஒலெக்சாண்டர் உசிக் 1987 ஜனவரியில் பிறந்தவர். 40-ஐ நெருங்குகிறார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம், 2018-ல் குரூஸர்வெயிட் பிரிவின் எல்லா பெல்ட்டுகளும், 2021-லும் 2022-லும் ஆன்டனி ஜோஷுவாவுக்கு எதிராக வெற்றி, 2024-ல் டைசன் ஃப்யூரியை இரண்டு முறை வென்றது, 2025 ஜூலையில் வெம்பிளியில் டேனியல் டூபுவாவை 5-வது ரவுண்டில் வீழ்த்தியது என நீளமான பட்டியல் அவருடையது.

அவருக்கு முன் கிளிட்ச்கோ சகோதரர்கள், விட்டாலியும் விளாடிமிரும். இடைவெளிகள் இருந்தாலும், 1990-களின் கடைசியிலிருந்து ஹெவிவெயிட்டின் உச்சியில் ஓர் உக்ரைன்காரர் இருப்பது கிட்டத்தட்ட வழக்கமாகவே ஆகிவிட்டது. அதனால்தான் அங்கிருந்து உயரமான ஒரு பையன் நாலு பேரை நாக்அவுட் செய்தாலே, "அடுத்த கிளிட்ச்கோ", "அடுத்த உசிக்" என்ற பட்டம் உடனே ஒட்டிக்கொள்கிறது.

முதலில் அடிப்படை: ரெக்கார்டை எப்படிப் படிப்பது?

தொழில்முறை பாக்ஸிங்கில் ஹெவிவெயிட் என்றால் 200 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல். உச்ச வரம்பு எதுவும் கிடையாது. 95 கிலோ ஆளும் 125 கிலோ ஆளும் ஒரே மேடையில் ஏறலாம். வேறு எந்தப் பிரிவிலும் இப்படி நடக்காது.

20-1-1 என்று எழுதியிருந்தால் 20 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா. அதன் பக்கத்தில் நாக்அவுட் எண்ணிக்கையும் இருக்கும். இந்த எண்களை வைத்துத்தான் போஸ்டர் அடிக்கிறார்கள், டிக்கெட் விற்கிறார்கள். ஆனால் இதில் ஒரு முக்கியமான விஷயம் வெளியே தெரியாது. கிரிக்கெட்டில் எதிரணியை அட்டவணைதான் முடிவு செய்யும். பாக்ஸிங்கில் எதிராளியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வீரரின் புரமோட்டர்.

இளம் வீரரை வளர்த்து விற்பதுதான் புரமோட்டரின் தொழில். ஆரம்பத்தில் எளிதாக ஜெயிக்கக்கூடிய ஆட்களைத்தான் கூட்டிவருவார்கள். ஊர் ஊராகப் போய் காசுக்குச் சண்டை போடும் அனுபவசாலிகள் ஒரு வகை. ஃபார்ம் போன முன்னாள் வீரர்கள் இன்னொரு வகை. மூன்று நாள் நோட்டீஸில் வந்து நிற்பவர்களும் உண்டு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லா நாட்டிலும் ஒரு வீரரை இப்படித்தான் படிப்படியாக ஏற்றுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் கிடைக்கும் "0 தோல்வி" என்பது, பயிற்சி வலையில் எடுத்த ரன் மாதிரி. கணக்கில் சேர்க்கலாம், தீர்ப்பு எழுத முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஏழு கேள்விகள் போதும்.

கேள்வி 1: யாரை அடித்தார், எப்போது அடித்தார்?

வீரரின் ரெக்கார்டை விட்டுவிட்டு, அவர் எதிராளிகளின் ரெக்கார்டைத் திறந்து பாருங்கள். பாக்ஸ்ரெக் போன்ற தளங்களில் எல்லாப் போட்டி விவரமும் கிடைக்கும். கடைசி ஐந்து எதிராளிகளில் எத்தனை பேர் முந்தைய போட்டியில் ஜெயித்துவிட்டு வந்தார்கள்? எத்தனை பேர் 40 வயசுக்கு மேல்? எத்தனை பேர் கீழ் எடைப் பிரிவிலிருந்து வந்தவர்கள்? பத்து நிமிடத்தில் படம் தெளிவாகிவிடும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. தோல்வி அதிகம் இருந்தால் எதிராளி சாதா ஆள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பியூரிட்டியின் பெயருக்கு எதிரே 13 தோல்வி இருந்தது உண்மைதான். ஆனால் 1994-ல் டாமி மாரிசன் மாதிரி பெரிய பெயருடன் டிரா செய்தவர் அவர். அடியைத் தாங்கிக்கொண்டு, கடைசிவரை முன்னால் நடந்துகொண்டே இருக்கும் ரகம். எத்தனை முறை தோற்றார் என்பதைவிட, யாரிடம் தோற்றார், எப்படித் தோற்றார் என்று பார்த்திருந்தால், கீவில் அன்றைக்கு ஒரு நீண்ட இரவு காத்திருப்பது தெரிந்திருக்கும்.

எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு ஒப்பீடு. விளாடிமிர் 1996 நவம்பரில் தொழில்முறைக்கு வந்தார். சுமார் 25 மாதத்தில் 25-வது போட்டி. அதில் தோற்றார். உசிக் 2013 நவம்பரில் வந்தார். 2016 செப்டம்பரில், தன் 10-வது போட்டியிலேயே, போலந்தின் க்டான்ஸ்க் நகரில் கிரிஷ்டோஃப் குவாவட்ஸ்கியை வென்று குரூஸர்வெயிட் உலக சாம்பியன் ஆனார். 24 வெற்றியைவிட 9 வெற்றி கனமாக இருந்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

கேள்வி 2: அமெச்சூர் பின்னணி என்ன?

உக்ரைன் வீரர்களைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்லப்படுவது இதுதான். சோவியத் காலத்திலிருந்து வந்த பயிற்சி முறை, சின்ன வயசிலேயே தொடங்கும் போட்டிகள், கால் அசைவுக்குக் கொடுக்கும் முக்கியத்துவம். இதெல்லாம் நிஜமான பலம்.

ஆனால் அமெச்சூர் சண்டை மூன்று ரவுண்டோடு முடிந்துவிடும். தொழில்முறை உலகப் பட்டத்துக்கு 12 ரவுண்டு. ரஞ்சியில் சதமடித்தவர் எல்லோரும் டெஸ்டில் நிலைத்துவிடுவதில்லை அல்லவா? அதே கதைதான்.

விளாடிமிர் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் சூப்பர் ஹெவிவெயிட் இறுதியில் டோங்காவின் பாயே வுல்ஃப்கிராமை வென்று தங்கம் எடுத்தவர். அண்ணன் விட்டாலியிடம் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் அந்த ஒலிம்பிக் அணியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். இருவருமே உலக சாம்பியன் ஆனார்கள். அதனால் பதக்கம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அமெச்சூரிலிருந்து தொழில்முறைக்கு நடுவே பாலம் ஏதாவது இருந்ததா என்று பாருங்கள். உசிக்குக்கு அது இருந்தது. வேர்ல்டு சீரிஸ் ஆஃப் பாக்ஸிங் தொடரில், உக்ரைன் ஓட்டமான்ஸ் அணிக்காக, ஹெட்கார்டு இல்லாமல் ஐந்து ரவுண்டு சண்டைகள் போட்டுப் பழகினார். 2013-ல் அங்கே அவர் வென்றவர்களில் பிரிட்டனின் ஜோ ஜாய்ஸும் ஒருவர். ஜாய்ஸ் பின்னாளில் ஒலிம்பிக் வெள்ளி வென்ற ஹெவிவெயிட். தொழில்முறைக்கு வந்தபோது உசிக் பாதி தயாராக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி 3: எட்டாவது ரவுண்டுக்குப் பிறகு என்ன ஆகிறார்?

நாக்அவுட் சதவீதம் 90 என்றால் எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். எல்லோரையும் இரண்டாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டால், 10-வது ரவுண்டில் அவர் எப்படி மூச்சு விடுவார் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

பியூரிட்டியுடன் நடந்தது இதுதான். விளாடிமிர் ஆரம்பத்திலிருந்தே முழு வேகத்தில் குத்தினார். எதிராளி விழவில்லை. 100 கிலோவுக்கு மேற்பட்ட உடலுக்கு ஆக்சிஜன் தீர்ந்தபோது, கையில் திறமை இருந்தும் பயன் இல்லை. 2004 ஏப்ரலில் லாஸ் வேகஸில் லேமன் ப்ரூஸ்டருக்கு எதிராகவும் இதே கதை திரும்ப நடந்தது. முன்னிலையில் இருந்து, எதிராளியைக் கீழே விழவும் வைத்து, பிறகு களைத்து, 5-வது ரவுண்டில் தோற்றார்.

எனவே பெரிய ஹெவிவெயிட் ஒருவர் 10 ரவுண்டு முழுக்க ஓடி, புள்ளிகளில் ஜெயித்த போட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். பார்க்க போரடிக்கும். ஆனால் ஐந்து நாக்அவுட் வீடியோக்களைவிட அந்த ஒரு போட்டி நிறையச் சொல்லும்.

கேள்வி 4: அடி வாங்கினால்?

ஹெவிவெயிட்டில் ஒரே குத்தில் எல்லாம் மாறிவிடும். 2003 மார்ச்சில் ஹனோவரில், தென்னாப்பிரிக்காவின் கோரி சாண்டர்ஸ் விளாடிமிரை நான்கு முறை கீழே சாய்த்து இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தார். சாண்டர்ஸ் இடக்கை வீரர். அந்த இடது கை எந்தக் கோணத்தில் வருகிறது என்று விளாடிமிர் கண்டுபிடிப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது. இளம் வீரர் நல்ல இடக்கை ஆட்களை எதிர்கொண்டிருக்கிறாரா என்பதையும் இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தாடை உறுதி என்பது பிறவியில் வருவது, அதை மாற்ற முடியாது என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அடி வாங்கிய பின் என்ன செய்கிறார் என்பதைக் கற்றுக்கொள்ளலாம். 2005 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் நைஜீரியாவின் சாமுவேல் பீட்டர் விளாடிமிரை மூன்று முறை கீழே தள்ளினார். ஒவ்வொரு முறையும் எழுந்தார், கட்டிப்பிடித்தார், ஜாப் போட்டு தூரத்தை மீட்டார், 12 ரவுண்டையும் முடித்தார். மூன்று நடுவர்களும் 114-111 என்று அவருக்கே கொடுத்தார்கள்.

ஒருமுறைகூட கீழே விழாத இளம் வீரரைப் பார்த்தால், தாடை பலமானது என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தத் தேர்வு இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி 5: உடம்பு ஒத்துழைக்கிறதா?

உயரமும் எடையும் பெரிதாகத் தெரியும். உசிக்கின் உயரம் 191 செ.மீ. ஃப்யூரி 206 செ.மீ. 2024 டிசம்பரில் இருவரும் எடை பார்த்தபோது வித்தியாசம் சுமார் 25 கிலோ. ஜெயித்தது உசிக். எனவே "இவன் சின்ன ஆள்" என்பதும் "இவன் மலை மாதிரி ஆள்" என்பதும் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது.

காயங்களின் வரலாற்றைப் பார்ப்பது இதைவிட முக்கியம். இதற்கு வியாசெஸ்லாவ் கிளாஸ்கோவின் கதை போதும். லுஹான்ஸ்க் நகரத்துக்காரர். 2007 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். அங்கே அரையிறுதியில் சீனாவின் ஜாங் ஜிலேயுடன் மோதவேண்டியவர், காயத்தால் விலகினார். தொழில்முறையில் டோமாஷ் அடாமெக், ஸ்டீவ் கன்னிங்ஹாம் மாதிரி உலகத்தரப் பெயர்களை வென்றார். 21 வெற்றி, 1 டிரா, தோல்வியே இல்லை.

2016 ஜனவரி 16. நியூயார்க்கின் பார்க்ளேஸ் சென்டர். காலியாக இருந்த ஐபிஎஃப் உலகப் பட்டத்துக்காக சார்லஸ் மார்ட்டினுடன் சண்டை. மூன்றாவது ரவுண்டில் கிளாஸ்கோவின் முழங்கால் போய்விட்டது. அவருடைய முதல் தோல்வி அதுதான், கடைசிப் போட்டியும் அதுதான். அப்போது அவருக்கு வயது 31.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். தொடக்க காலத்தில் மூன்று முறை தோற்ற விளாடிமிர் ஒரு தலைமுறையின் சாம்பியன் ஆனார். உலகப் பட்டச் சண்டை வரை ஒருமுறைகூடத் தோற்காத கிளாஸ்கோவ் பெல்ட்டையே தொடவில்லை. தோல்விக் கணக்கை மட்டும் வைத்து இந்த இருவரையும் ஒப்பிட்டிருந்தால், பணம் கட்டியவர் திவாலாகியிருப்பார்.

கேள்வி 6: வயசு என்ன, அவசரம் யாருக்கு?

மைக் டைசன் 1986-ல் 20 வயசில் உலக சாம்பியன் ஆனார். அந்தக் கதை எல்லோர் மனசிலும் பதிந்துவிட்டதால், 23 வயசில் பட்டம் இல்லையென்றால் ஆள் தேறமாட்டான் என்று நினைக்கிறோம். ஆனால் டைசன் விதிவிலக்கு. ஹெவிவெயிட் மெதுவாகப் பழுக்கும் பிரிவு. விளாடிமிருக்கு நிலையான ஆட்சி தொடங்கியது 30 வயசில், 2006 ஏப்ரலில் மன்ஹைமில் க்ரிஸ் பேர்டை வென்றபோது. உசிக் முதல் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றது 34 வயசில். விட்டாலி 41 வயசு வரை சாம்பியனாகச் சண்டை போட்டார்.

அதனால் 22 வயசுப் பையனைப் பற்றி "தேறுவானா, மாட்டானா" என்று கேட்பதைவிட, "அடுத்த இரண்டு வருடத்தில் இவனுக்கு எந்த மாதிரி எதிராளி தேவை" என்று கேட்பதே சரி. அவசரப்படுவது யார் என்றும் பாருங்கள். புரமோட்டரா, டிவி நிறுவனமா, வீரரின் குடும்பமா? அவசரம் எங்கிருந்து வருகிறதோ, தவறான சண்டையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

கேள்வி 7: நாட்டில் என்ன நடக்கிறது?

மற்ற நாட்டு வீரர்களுக்கு இந்தக் கேள்வி தேவைப்படாது. உக்ரைன் வீரருக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

கிளாஸ்கோவின் லுஹான்ஸ்க் 2014 முதலே உக்ரைனின் கட்டுப்பாட்டில் இல்லை. உசிக் பிறந்த சிம்ஃபெரோபோல் கிரிமியாவில் இருக்கிறது. அதையும் அதே ஆண்டில் ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்டது. 2022 பிப்ரவரியில் முழுப் போர் தொடங்கியபோது உசிக் கீவின் பிராந்தியப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தார். ஜோஷுவாவுடன் மறுபோட்டிக்குத் தயாராவதற்காக மார்ச் கடைசியில் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். அதற்குப் பிறகு அவருடைய பெரிய சண்டைகள் ஜெட்டா, விரோட்ஸ்வாஃப், ரியாத், லண்டன் என்று வெளிநாடுகளிலேயே நடந்தன.

உசிக் அப்போதே உலக சாம்பியன். 19 வயசுப் பையனின் நிலை வேறு. ராணுவச் சட்டத்தின்படி 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் பொதுவாக நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்தது. வெளிநாட்டில் ஒரு போட்டிக்குப் போகவே தனி அனுமதி வேண்டும். 2025 ஆகஸ்டில்தான் 18 முதல் 22 வயது வரையிலானவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. 23-ஐத் தொட்டவருக்கு மறுபடி பழைய கதைதான்.

இதை ரெக்கார்டில் எப்படிப் பார்ப்பது? ஒரு வீரர் 14 மாதம் சண்டை போடாமல் இருந்தால், சோம்பேறி என்றோ காயம் என்றோ நினைத்துவிடாதீர்கள். அனுமதி கிடைக்காமல் இருந்திருக்கலாம். வெளிநாட்டு ஜிம்முக்குப் போனவர் என்றால், பழைய கோச் கூட இல்லாமல் தனியாக இருக்கலாம். உள்ளூர் ரசிகர் கூட்டம் இல்லாத ஊரில் டிக்கெட் விற்க முடியாத வீரரை, எதிர்த் தரப்பின் ஆளாகத்தான் மேடையில் ஏற்றுவார்கள். அப்போது எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் வசதி அவருக்கு இருக்காது. அப்படி வந்த ஒரு தோல்வியையும், சொந்த ஊரில் பொறுக்கி எடுத்த எதிராளியிடம் வந்த தோல்வியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மேடைக்கே வரமுடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். மாக்சிம் ஹாலினிச்சேவ் ஹெவிவெயிட் கிடையாது, எடை குறைந்த பிரிவுக்காரர். 2018 பியூனஸ் அயர்ஸ் யூத் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். படையில் சேர்ந்து, 2023 மார்ச்சில் லுஹான்ஸ்க் பகுதியில் நடந்த சண்டையில் உயிரிழந்தார். வயது 22. எந்தப் பட்டியலிலும் அவருடைய அடுத்த போட்டி இனி வராது. "உக்ரைனின் அடுத்த தலைமுறை எங்கே?" என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

போட்டுப் பார்ப்போம்: 1998-ன் விளாடிமிர்

இப்போது பழைய ஆளுக்கே மார்க் போடுவோம். பியூரிட்டி சண்டைக்கு முந்தைய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிராளிகள்: எண்ணிக்கை நிறைய, தரம் இன்னும் சோதிக்கப்படவில்லை. அமெச்சூர்: முழு மார்க். கடைசி ரவுண்டுகள்: கேள்விக்குறி. தாடை: கேள்விக்குறி. உடம்பு: உயரம், வேகம், ஜாப் எல்லாம் அபூர்வம். வயசு: 22, நேரம் இருக்கிறது. சூழல்: ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யுனிவர்சம் என்ற பெரிய புரமோஷன் நிறுவனம், நல்ல வசதி, ஆனால் மாதத்துக்கு ஒரு சண்டை என்ற வேகம்.

ஏழில் இரண்டு பெரிய கேள்விக்குறிகள். "நிச்சயம் சாம்பியன்" என்று அன்றைக்குச் சொன்னது தப்பு. சண்டை முடிந்த மறுநாள் மார்க் என்ன ஆகிறது? கடைசி ரவுண்டுகள் என்ற ஒரே ஒரு கேள்விக்குறி சிவப்பாக மாறுகிறது. மற்ற ஆறும் அப்படியே இருக்கின்றன. "ஆளு முடிஞ்சான்" என்று சொன்னதும் தப்பு.

தோல்விக்குப் பிறகுதான் அசல் பரீட்சை

ப்ரூஸ்டரிடம் தோற்ற அந்த இரவில்தான் அமெரிக்கப் பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்ட் முதன்முறையாக விளாடிமிரின் மூலையில் நின்றார். தாமஸ் ஹெர்ன்ஸ், லெனாக்ஸ் லூயிஸ் போன்றவர்களைப் பயிற்றுவித்தவர் அவர். தோற்ற பிறகும் அவர் விலகவில்லை, விளாடிமிரும் அவரை மாற்றவில்லை. இருவரும் சேர்ந்து சண்டையின் வடிவத்தையே மாற்றினார்கள். ஆரம்பத்திலேயே எல்லா சக்தியையும் கொட்டுவது நின்றது. நீளமான இடது ஜாப்பால் எதிராளியைத் தூரத்தில் நிறுத்துவது, அவன் உள்ளே புகுந்தால் கட்டிப்பிடித்து எடையை அவன்மேல் போடுவது, சரியான நேரம் பார்த்து வலது கையை இறக்குவது. ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் மூச்சு மிஞ்சியது. அடுத்த 22 போட்டிகளில் தோல்வியே இல்லை. 2007-ல் ப்ரூஸ்டரையும் திரும்ப வென்றார். 2015 நவம்பரில் டியூசல்டார்ஃபில் ஃப்யூரி வரும்வரை இது நீடித்தது.

விட்டாலியின் கதையும் இதையே சொல்கிறது. 2000 ஏப்ரலில் பெர்லினில் க்ரிஸ் பேர்டுக்கு எதிராக புள்ளிகளில் முன்னணியில் இருந்தபோது, தோள் காயத்தால் 9-வது ரவுண்டுக்குப் பிறகு விலகினார். "பாதியில் ஓடியவர்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2003 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில், சுமார் இரண்டு வார அவகாசத்தில், லெனாக்ஸ் லூயிஸை எதிர்கொண்டார். ஆறு ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களிடமும் 58-56 என முன்னிலை. கண்ணுக்கு மேல் ஏற்பட்ட ஆழமான வெட்டால் மருத்துவர் சண்டையை நிறுத்தினார். ரெக்கார்டில் அது இரண்டாவது தோல்வி. ஆனால் அந்த ஆறு ரவுண்டு, முந்தைய எல்லா நாக்அவுட்களையும்விட அவருடைய மதிப்பை உயர்த்தியது. அடுத்த ஆண்டே, தம்பியை வீழ்த்திய அதே கோரி சாண்டர்ஸை வென்று டபிள்யூபிசி சாம்பியன் ஆனார்.

அப்படியானால் அடுத்தமுறை என்ன செய்யலாம்?

அடுத்தமுறை ஒரு உக்ரைன் ஹெவிவெயிட்டின் முதல் ரவுண்டு நாக்அவுட் வீடியோ வந்தால், மூன்று விஷயத்தை மட்டும் தேடிப் பாருங்கள். அவர் ஆடியதிலேயே நீளமான சண்டை எது, அதன் கடைசி இரண்டு ரவுண்டில் கை எவ்வளவு உயரத்தில் இருந்தது? அவர் வென்ற எதிராளிகளில், சண்டைக்கு முன் அவரைவிட ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்று கருதப்பட்டவர் ஒருவராவது உண்டா? ஏதாவது ஒரு போட்டி அவருக்குக் கெட்டுப்போய், அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆளாகத் திரும்பி வந்திருக்கிறாரா?

மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் கிடைத்தால் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் தெரியாது" என்று வந்தால் அதில் தப்பில்லை. 22 வயசில் விளாடிமிருக்கும் அதே பதில்தான் வந்திருக்கும். அந்த வீரருக்கு இன்னும் சில வருடமும், எல்லையைத் தாண்ட ஓர் அனுமதியும், சரியான கோச்சும் கிடைக்க வேண்டும். அதுவரை வீடியோவை ரசிக்கலாம். சாம்பியன் பட்டத்தை மட்டும் அவசரமாகக் கொடுத்துவிட வேண்டாம்.